சிவப்பை வெளுக்கும் கொட்டகை

ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்த நாளாகப் பார்க்கிறவர்கள் எல்லாம் கங்காரு பார்த்தாயா என்றுதான் கேட்கிறார்கள். பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் கம்பளம். எழுபத்தாறாம் வருஷம் ஜூலை மாதம் பதினெட்டு நாள் அந்த நாட்டில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் சிட்னிக்கு மேற்கே செவன் ஹில்ஸ் என்ற இடத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் கழிந்தது. ஏழுமலை என்று பெயர் வைத்திருக்கிறார்களே, கோவிந்தா போடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒரு மேடுகூட ஒழுங்காக இல்லை. தொழிற்சாலைகளும் லாரிகளும்தான்.

நான் கம்பளம் பழுது பார்க்கிறவன். வாலாஜாபேட்டையில் தறியில் உட்கார்ந்து முடிச்சுப் போடப் பழகி, பிறகு சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு கடையில் இருபத்திரண்டு வருஷமாக ஓட்டை அடைக்கிறேன். எலி கடித்தது, பூச்சி அரித்தது, சிகரெட் சுட்டது எதுவானாலும் அதே மாதிரிக் கம்பளி நூலை, அதே நிறத்தில், அதே முடிச்சாகப் போட்டு அடைத்துவிடுவேன். அடைத்த இடம் எது என்று கேட்டால் நானே தேட வேண்டும். எனக்கு இந்தத் தொழிலில் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு தலைக்கனம் இருந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முதலாளிக்குத் தெரிந்த ஹங்கேரிக்காரர் ஒருவர் சிட்னியில் கம்பள வியாபாரம் செய்தார். ஆப்கானிஸ்தானத்துப் பழங்குடிப் பெண்கள் கையால் நெய்த கம்பளங்களை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்திருந்தார். அதில் நாற்பதுக்கு மேல் ஓட்டை. அங்கே தைக்க ஆள் கிடைக்கவில்லை, என்னை அனுப்பினார்கள். சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி வாங்கிய விசா. வேலை செய்யக்கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை விமான நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துப்போனவர் சிவபாதம். யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். வயது முப்பத்தெட்டு. ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். ஆபீசை அவர்கள் கந்தோர் என்கிறார்கள். இங்கே ஹங்கேரிக்காரரின் கொட்டகையில் கம்பளம் கழுவுகிற வேலை. அவர் வீட்டில்தான் நான் தங்க ஏற்பாடு.

"வாங்கோ அண்ணை. பயணம் சுகமே? இந்தக் கோட்டைப் போடுங்கோ, குளிர் எலும்புக்குள்ள போகும்" என்றார். கோட்டுக்குள் என்னைப் போல் இரண்டு பேர் நிற்கலாம். காதை மூட ஒரு கம்பளிக் குல்லா வாங்கலாம் என்று கடைத்தெருவுக்குப் போனோம். மணி பன்னிரண்டு அடித்ததும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. யாராவது பெரிய தலைவர் போய்விட்டாரா என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை, சனிக்கிழமை. இனித் திங்கட்கிழமைதான்" என்றார். நம் ஊரில் சாயங்காலம்தான் கடைத்தெருவுக்கே உயிர் வரும். இங்கே பட்டப்பகலில் நாய்கூட இல்லை. காதைக் கையால் பொத்திக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

வீடு என்றால் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுப் பின்புறம் ஒரு அறையும் அதை ஒட்டினாற்போல் ஒரு சமையல் இடமும். "குசினி இதுதான். கதிரை ஒண்டுதான் கிடக்கு, நீங்க இருங்கோ, நான் பெட்டிக்கு மேல இருக்கிறன்" என்றார். மாவை வறுத்து, பால்மா டின் ஒன்றின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதில் புட்டு அவித்தார். தேங்காய்க்குப் பதில் பாக்கெட்டில் வரும் உலர்ந்த துருவலைப் பாலில் நனைத்துச் சம்பல். டின் மீன் குழம்பு. ஊரிலிருந்து மனைவி அனுப்பிய மிளகாய்த் தூள். வயிறாரச் சாப்பிட்டேன். அந்தப் பதினெட்டு நாளில் நான் மனுஷன் மாதிரிச் சாப்பிட்டது அந்தக் குசினியில் மட்டும்தான்.

சுவரில் ஒரு போட்டோ. மனைவி யோகம், இரண்டு பெண் குழந்தைகள். பக்கத்தில் காலண்டர். அதில் மறு வாரத்து வியாழக்கிழமையைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது.

"மூண்டு வருசமாச்சு அண்ணை, இதுகளைப் பாத்து. நிரந்தரமா இருக்க விண்ணப்பம் போட்டு எல்லாம் முடிஞ்சுது. மெடிக்கல் மட்டும்தான் மிச்சம். நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பினம். அது துப்புரவா இருந்தா எனக்கு விசா. எனக்கு விசா எண்டா அவைக்கும் விசா. பொங்கலுக்கு முன்னம் இஞ்ச நிப்பினம்."

காசநோய் என்றால் அந்த நாட்டுக்காரர்களுக்கு அப்படி ஒரு பயம். நெஞ்சில் ஒரு கறுப்பு, ஒரு நிழல் தெரிந்தால் விண்ணப்பத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்களாம். அந்த வியாழக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சிவபாதம் பீடி, சிகரெட் எதுவும் தொடாதவர். கவலையே வேண்டாம் என்று நானும் சொல்லி வைத்தேன்.

திங்கட்கிழமை கொட்டகைக்குப் போனோம். உள்ளே நுழைந்ததுமே கண்ணில் நீர் முட்டியது. மழைக்குப் பிறகு நம் முனிசிபாலிட்டிக்காரன் சாக்கடை ஓரம் தூவிவிட்டுப் போகிறானே பிளீச்சிங் பவுடர், அதே நாற்றம், அதைவிடப் பத்து மடங்கு. நடுவில் சிமெண்டுத் தொட்டி. அதில் வெளுப்பு மருந்து. பின்பக்கத்துப் பெரிய ஷட்டரைத் திறந்தால் அக்கம்பக்கத்தார் நாற்றம் என்று புகார் செய்கிறார்களாம், ஆகவே எப்போதும் இறக்கியே இருந்தது. முன்னால் பிரித்து அடுக்கும் இடத்தில் இரண்டு கிரேக்கப் பெண்கள். அவர்களுக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பும் சின்னக் கதவும்.

வெளுப்பு மருந்து எதற்கு என்று கேட்டேன். சிவபாதம் சொன்னதைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது.

அந்தக் கம்பளங்கள் எல்லாம் சிவப்பு. மஞ்சிட்டி வேரைக் காய்ச்சி ஏற்றிய சிவப்பு. ஆட்டைக் கத்தரித்து, நூல் நூற்று, சாயம் காய்ச்சி, கூடாரத்துக்கு வெளியே தரையில் நாலு முளை அடித்துத் தறி போட்டு, பெண்கள் குந்தி உட்கார்ந்து முடிச்சு முடிச்சாகப் போட்டது. கூட்டம் இடம் பெயர்ந்தால் முளையைப் பிடுங்கி, பாதி நெய்த கம்பளத்தைச் சுருட்டி ஒட்டகத்தின் மேல் போட்டுக்கொண்டு போவார்கள். அடுத்த இடத்தில் முளையடித்து மறுபடி இழுத்துக் கட்டும்போது பழைய இழுவிசை வராது. அதனால் அகலம் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். நூல் தீர்ந்து புதிதாகச் சாயம் போட்டால் அதற்கு மேல் சிவப்பு ஒரு படி மாறும். எங்கே கூடாரத்தைக் கலைத்தார்கள், எங்கே சாயம் தீர்ந்தது என்று என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியும். அவர்களில் ஒருத்தியைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. அவர்கள் கை எனக்குத் தெரியும்.

அந்தச் சிவப்பை இந்த ஹங்கேரிக்காரர் மருந்தில் முக்கித் தங்க நிறமாக வெளுக்கிறார். சிவப்பு இப்போது நாகரிகம் இல்லையாம். தங்க நிறம்தான் எல்லாரும் கேட்கிறார்களாம். மருந்து பட்ட கம்பளி பளபளவென்று இருக்கும், தடவினால் பட்டு மாதிரி வழுக்கும். நாலு வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரும். அதை வாங்குகிறவனிடம் யாரும் சொல்வதில்லை.

"இது பாவம் இல்லையாப்பா?" என்று கேட்டேன்.

"பாவம்தான் அண்ணை. என்ன செய்யிறது. முதலாளி முக்கு எண்டா முக்கிறன்" என்றார் சிவபாதம், தொட்டிக்குள் கழியை விட்டுக் கிளறிக்கொண்டே. வாயைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டியிருந்தார். அவ்வளவுதான் பாதுகாப்பு.

அவர் வேலை செய்கிற முறையைப் பார்த்தேன். கம்பளத்தை மருந்தில் ஊறவைப்பார். நிறம் வந்ததும் மருந்தை முழுக்க வடித்துவிடுவார். மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுவார். கடைசி அலசலில் மட்டும் மூலையில் இருந்த ஒரு வெள்ளைக் கேனிலிருந்து இரண்டு கிண்ணம் அளந்து ஊற்றுவார். கேன் மூடியைத் திறந்தபோது மூக்கை நீட்டினேன். வினிகர். நம் ஊர்க் காடி. சென்னையில் நாங்களும் கம்பளம் கழுவினால் கடைசியில் ஒரு கிண்ணம் காடிதான் விடுவோம். சிவப்பு கரைந்து வெள்ளையில் இறங்காமல் பிடித்துக்கொள்ளும்.

"இது எங்க சரக்குதான்" என்றேன் பெருமையாக.

"அதைத் தொடாதேங்கோ அண்ணை, பொல்லாத ஸ்ட்ரோங்" என்றார். கையைச் சுட்டுவிடும் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மூலையில் ஒரு பாயைப் போட்டு என் வேலையைத் தொடங்கினேன். புதன்கிழமை நூல் வாங்க ரயிலேறிச் சிட்னி நகரத்துக்குள் போனேன். அந்த ரயில்களில் கதவைச் சாத்த ஆளில்லை. திறந்தபடியே ஓடுகிறது. நம் பீச் ரயில் மாதிரிதான், தொங்குகிறவர்கள் மட்டும் இல்லை. திரும்பும்போது குளிருக்கு அடக்கமாக உட்கார்ந்து கண் அசந்துவிட்டேன். விழித்தால் பிளாக்டவுன். பிளாட்பாரத்தில் இறங்கித் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழவி வந்து, "வழி தவறிட்டியா, கண்ணு?" என்று அவள் பாஷையில் கேட்டாள். என் வயசுக்குக் கண்ணு. எதிர்ப் பிளாட்பாரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ரயில் வரும்வரை கூடவே நின்று, ஒரே ஸ்டேஷன்தான் என்று ஒரு விரலைக் காட்டிவிட்டுப் போனாள். அந்த ஊரில் எனக்குக் கெட்டவர்கள் யாரும் தென்படவில்லை. இதையும் எழுதி வைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஒரு கம்பளம் என் மடிக்கு வந்தது. ஆள் நீளம்தான் இருக்கும். பலூச்சிப் பெண்கள் நெய்தது. கரும் சிவப்பு, நடுநடுவே நீலம், ஓரத்தில் ஆட்டு மயிர் சுற்றியது. கீழிருந்து முக்கால் பாகம் வரை முடிச்சு அத்தனை இறுக்கம், ஊசி நுழையாது. அதற்கு மேல் திடீரென்று தளர்ந்துவிட்டது. புரட்டிப் பின்பக்கம் பார்த்தேன். வரி வரியாக அடித்து இறுக்கிய அடியே வேறு. கீழே நெய்தவள் ஒருத்தி, மேலே முடித்தவள் வேறொருத்தி. இரண்டாமவளுக்குப் பழக்கம் போதாது. முதலாமவள் போட்ட பூவைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறாள். முதலாமவள் கல்யாணமாகிப் போனாளோ, பிரசவத்தில் போனாளோ, யார் கண்டது. ஆனால் பாதியில் விடாமல் முடித்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒன்றை நான் தொட்டதில்லை. அதன் நடுவில் இருந்த ஓட்டையை அடைக்க இரண்டு நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகூடப் போய் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை ஹங்கேரிக்காரர் வந்து அதைக் காலால் விரித்துப் பார்த்தார். "அருமையாகத் தைத்திருக்கிறாய்" என்று என்னிடம் சொன்னார். "நாளைக்குத் தொட்டியில் போடு" என்று சிவபாதத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் குசினியில் நான் சிவபாதத்தைப் பிடித்துக்கொண்டேன். "இதை மட்டும் விட்டுடுங்க. மூட்டைக்குள்ள ஒளிச்சு வைங்க. முதலாளி கேட்டா நான் பேசிக்கறேன்" என்றேன். இரண்டு பெண்கள் நெய்த விஷயத்தைச் சொன்னேன். 

அவர் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. அந்த ரெண்டு பொம்பிளையளும் எங்கையோ இருக்கினம், இல்லாட்டிச் செத்துப் போச்சினம். என்ர யோகம் உயிரோட இருக்கிறா. வியாழக்கிழமை எனக்கு எக்ஸ்ரே படம். இந்தக் கிழமை நான் முதலாளியோட சண்டை பிடிக்கேலாது. வேலை செய்யிறன் எண்டு அவர்தான் கடிதம் தரவேணும்."

நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். சிவபாதம் அந்தக் கம்பளத்தைத் தொட்டியில் இறக்கினார். அதே நேரம் முன்னால் லாரி வந்து ஹாரன் அடித்தது. மூட்டை இறக்க அவர் போனார். நான் தொட்டி ஓரம் தனியாக நின்றேன்.

கண் முன்னால் சிவப்பு கழன்றது. ரத்தம் மாதிரி தண்ணீரில் பிரிந்து வந்தது. வெளியே இழுக்கலாம் என்றால் நனைந்த கம்பளம் இரண்டு ஆள் கனம், கையை வைத்தால் தோல் உரியும். காடி விட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று என் இருபத்திரண்டு வருஷ அனுபவம் சொன்னது. நான் பழகியது சோப்புத் தண்ணீரோடு. வெளுப்பு மருந்தோடு ஒரு நாளும் வேலை செய்ததில்லை. அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. மூலைக்குப் போய் அந்தக் கேனைத் தூக்கி வந்து, கிண்ணம் எதுவும் தேடாமல், முழுக்கக் கவிழ்த்தேன்.

தொட்டி பொங்கியது. வெளுப்பு மருந்தும் காடியும் சேர்ந்தால் விஷப்புகை கிளம்பும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை எழும்பி, மேலே போகாமல் தொட்டி விளிம்பு வழியாக வழிந்து தரையோடு வந்தது. ஒரு மூச்சு இழுத்தேன். நெஞ்சுக்குள் மிளகாயை அரைத்து அப்பின மாதிரி இருந்தது. முழங்கால் மடங்கிவிட்டது. கத்த வாயைத் திறந்தால் சத்தம் இல்லை.

சிவபாதம் ஓடி வந்து என் கோட்டுக் காலரைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டார். பிறகு உள்ளே திரும்பிப் போனார். நான் அவர் காலைப் பிடித்தேன், நழுவிவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்தக் கிரேக்கப் பெண்கள் இருந்தார்கள். அவர் போய்த் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கி, ஷட்டர் சங்கிலியை இழுத்தார். அது பல மாதமாகத் திறக்காத ஷட்டர். சங்கிலி சத்தம் நின்று நின்று கேட்டது. கடைசியில் ஷட்டர் ஏறி வெளிச்சம் வந்தது. அந்தப் பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

அரை மணியில் ஹங்கேரிக்காரர் காரில் வந்து இறங்கினார். நான் நடைபாதையில் குத்துக்காலிட்டு இருமிக்கொண்டிருந்தேன். யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சிவபாதம் முந்திக்கொண்டார். தான்தான் கவனமில்லாமல் ஊற்றிவிட்டதாகச் சொன்னார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, எதற்கப்பா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க ஊத்தினதெண்டா பொலிஸ் கேக்கும், இமிகிரேசன் கேக்கும். விசிட் விசாவில வந்தவர் ஏன் வேலை செய்தவர் எண்டு கேக்கும். ஆரின்ர வீட்டில தங்கினவர் எண்டு கேக்கும். என்ர ஃபைல் அங்கதான் கிடக்கு அண்ணை. என்ர பிழை எண்டா வேலையோட போயிடும்." இதைச் சொல்லி முடிக்க அவர் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

வேலை போய்விட்டது. சனிக்கிழமைக்கு மேல் வர வேண்டாம் என்று ஹங்கேரிக்காரர் சொல்லிவிட்டார்.

புதன்கிழமைக்குள் எனக்கு இருமல் குறைந்தது. சிவபாதத்துக்குக் கூடியது. ஒரு வாய் கஞ்சி குடித்தால் ஒரு நாழி இருமல். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். ஆஸ்பத்திரியில் பதிவார்கள், பதிந்தால் நாளைக்கு விசாக்காரர்களுக்குத் தெரிந்துவிடும், படம் முடியட்டும் என்றார். கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்த தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தார். நான்தான் அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். என்னை அவர் இழுக்கவில்லையா. நான் இஞ்சி தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தேதியைத் தள்ளிப் போடுங்கள் என்றும் சொன்னேன். "தள்ளினா ஏன் எண்டு கேப்பினம். பிறகு எத்தினை மாசம் கிடக்கவேணுமோ. யோகத்துக்குத் திகதி எழுதிப்போட்டன் அண்ணை" என்றார். 

வியாழக்கிழமை இருவரும் நகரத்துக்குப் போனோம். சிவபாதம் வெள்ளைச் சட்டை, டை, திருநீறு. படம் எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் என்னை உட்காரச் சொன்னார்கள். கதவு முழுக்கச் சாத்தவில்லை. உள்ளே ஒரு பெண் குரல் கேட்டது.

"மார்பைத் தகட்டோடு ஒட்டி நில்லுங்கள். நன்றாக மூச்சை இழுங்கள். அப்படியே பிடியுங்கள்."

மூச்சை இழுக்கிற சத்தம். பாதியில் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது.

"பரவாயில்லை. மறுபடி. நன்றாக இழுங்கள். பிடியுங்கள்."

இருமல்.

நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் அதே பொறுமையோடு, அதே வார்த்தையைச் சொன்னாள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை. நான் பெஞ்சில் உட்கார்ந்து அவருக்காக மூச்சைப் பிடித்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஐந்தாவது தடவை சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். உதட்டைக் கடித்து அடக்கியிருக்கிறார், ரத்தம் கசிந்திருந்தது.

"எடுத்திட்டினம்" என்றார்.

சனிக்கிழமை ஹங்கேரிக்காரர் என்னை மெல்போர்னுக்குக் கிளப்பினார். அங்கே ஒரு ஷோரூமில் தங்கக் கம்பளங்களை விரித்துக் கடைசி ஒட்டுப் பார்க்க வேண்டுமாம். சரக்கு லாரியிலேயே போனேன். ஓட்டியவர் ஒரு இத்தாலிக்காரர், வழி முழுக்கப் பாடினார். தன் ரொட்டியையும் பன்றி இறைச்சியையும் பாதி பிய்த்துக் கொடுத்தார். ரொட்டியை மட்டும் தின்றேன். வழியில் டயர் வெடித்து மூன்று மணி நேரம் ஆட்டு மந்தைகளைப் பார்த்துக்கொண்டு வெட்டவெளியில் நின்றோம். கண்ணுக்கெட்டிய தூரம் ஆடு. அத்தனை கம்பளி. வேறு நாளாயிருந்தால் வாயைப் பிளந்திருப்பேன்.

மெல்போர்னில் குளிர் இன்னும் மோசம், மழையும் சேர்ந்துகொண்டது. டிராம் ஓடுகிறது. சென்னையில் டிராமை நிறுத்தி எத்தனையோ காலம் ஆயிற்று. ஆசையாக ஏறி, எதிர்த் திசையில் போய், கடற்கரையில் இறங்கி, நனைந்துகொண்டே திரும்பி வந்தேன். இறைச்சியை மாவுக்குள் அடைத்து ஒன்று விற்கிறார்கள், சூடாக இருந்தது என்பதற்காகத் தின்றேன்.

திங்கட்கிழமை ஷோரூமில் அந்தக் கம்பளத்தைப் பார்த்தேன். சுவரில் தொங்கவிட்டு விளக்குப் போட்டிருந்தார்கள். கீழ்ப்பாதி வெளுத்த மஞ்சள், மேலே திட்டுத் திட்டாகப் பழைய சிவப்பு. என் காடி அந்த அளவுக்குக் காப்பாற்றியிருக்கிறது என்று சொல்லவேண்டும். காதில் வைரத் தோடு போட்ட ஒரு அம்மாள் எட்ட நின்று பார்த்து, "எத்தனை நூற்றாண்டுப் பழசாக இருக்கும்! வெயிலில் மங்கியது எவ்வளவு அழகு" என்றாள். கூட வந்தவர், "சோபாவுக்குப் பொருந்தும்" என்றார். எடுத்துக்கொண்டார்கள். சுருட்டிக் கட்டிக் கொடுத்தது நான்.

அன்று மாலை ஷோரூமுக்கு எனக்கு ட்ரங்க் கால் வந்தது. சிவபாதம். பொதுத் தொலைபேசியிலிருந்து பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் அவர் மூச்சு இழுப்பது கேட்டது.

"கூப்பிட்டுச் சொல்லிப்போட்டினம் அண்ணை. ரெண்டு பக்கமும் நிழலாம். காசம் இல்லையெண்டும் சொல்லேலாதாம். ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் படம் எடுக்கட்டாம். அப்பவும் வேலைக் கடிதம் வேணுமாம்."

"நான் வந்து முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லிடறேன் சிவபாதம். ஊத்துனது நான்தான்னு சொல்லிடறேன். வேலையாவது கிடைக்கட்டும்" என்றேன்.

"சொல்லி என்ன அண்ணை? உங்களைப் பிடிச்சு வைப்பினம். என்ர வீட்டு விலாசமும் வரும். இருக்கிறதும் கெட்டிடும். நாளைக்குப் பிளேனல்லோ? பேசாமப் போங்கோ. யோகத்துக்கு மட்டும் ஒரு கடிதம் போடுங்கோ. நான் நல்லாயிருக்கிறன் எண்டு. நீங்க கண்ணால பாத்தனீங்கள், நீங்க எழுதினா அவ நம்புவா."

சரி என்றேன். நாளைக்கு விமானம், நாளை மறுநாள் வீடு, யாரும் என்னை எதுவும் கேட்கப் போவதில்லை. அந்த நினைப்பு வந்ததும் எனக்குள் ஒரு நிம்மதி ஏற்பட்டது. வெட்கக்கேடு. ஆனால் ஏற்பட்டது.

சென்னை வந்ததும் யோகத்துக்கு எழுதினேன். சிவபாதம் சௌக்கியம், லேசாகச் சளி, ஆபீஸ் தாமதம்தான், கவலைப்பட வேண்டாம். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்து மாதிரிக் குண்டு குண்டாக, அழகாக எழுதியிருந்தாள்.

"அன்புள்ள அண்ணைக்கு, அவர் சுகம் எண்டு எழுதினதுக்கு நன்றி. ஆனால் எனக்கு விசயம் தெரியும். கூட நிண்ட ஒருத்தர் தெரியாமல் எதையோ ஊத்தினதால நெஞ்சில நோ வந்து படம் பிழைச்சுப்போச்சு எண்டு அவரே எழுதிப்போட்டார். ஆர் எண்டு கேட்டா எழுதமாட்டாராம். பிள்ளையள் உடுப்பெல்லாம் பெட்டியில அடுக்கிப்போட்டுத் திரும்ப எடுத்து வச்சதுகள். நீங்கள் அங்க நிண்டனீங்கள்தானே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆளின்ர பேரை மட்டும் எழுதுங்கோ. ஒண்டும் செய்யமாட்டன். பேர் சொல்லி மண் அள்ளித் தூத்தினால்தான் என்ர மனம் ஆறும்."

இந்தக் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. நான் பதில் எழுதவில்லை. நாலு தடவை உட்கார்ந்தேன், நாலு தடவையும் எழுந்துவிட்டேன். இந்தப் பத்திரிகை ஆசிரியர் வந்து, வெளிநாடு போய் வந்தீர்களே, ஒரு பயணக் கட்டுரை கொடுங்கள், யாழ்ப்பாணத்திலும் நமக்கு நிறைய வாசகர்கள் என்றார். அதனால்தான் எழுதினேன். சிவபாதம் என்பது அவர் பெயரல்ல, யோகம் என்பதும் அவள் பெயரல்ல, ஊரையும் மாற்றியிருக்கிறேன். படித்தால் அவளுக்குத் தெரியும்.

தங்கச்சி, நீ கேட்ட பெயரை மட்டும் நான் மாற்றவில்லை. இந்தக் கட்டுரைக்குக் கீழே அது அச்சாகியிருக்கிறது.